நின்ற தறியும்... நானும்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்பு வகுப்பாக வந்தார்கள். நண்பர்கள் எல்லாம் ‘இளைஞர் சக்தி’, ‘நட்பின் இலக்கணம்’ என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மட்டும் இரண்டு நாள் யோசித்தேன். எழுதலாமா, வேண்டாமா? கடைசியில் எழுதியே விடுவது என்று துணிந்துவிட்டேன். பெயரை மட்டும் போட வேண்டாம் என்று மலர்க் குழுவிடம் கேட்டுக்கொண்டேன். எனக்காக அல்ல, அம்மாவுக்காக.

விஷயம் இதுதான். எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை.

ஆண் நண்பர்களே, பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! கடைசியில் உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

எங்கள் வீடு பள்ளிபாளையத்தில், தறிப்பட்டறைகளுக்கு நடுவில் இருக்கிறது. அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறார். ராத்திரி ஷிப்டு சத்தத்திலேயே படித்து, அந்தச் சத்தத்திலேயே தூங்கி வளர்ந்தவள் நான். பதின்மூன்று வயதில் பெரிய மனுஷி ஆனேன். சீர் செய்தார்கள், போட்டோ எடுத்தார்கள், ஊரே வந்து சாப்பிட்டுப் போனது. ஆனால் அதற்குப் பிறகு நாற்பது நாள், அறுபது நாள், ஒரு தடவை நூறு நாளும் தாண்டியது. அதைக் கேட்க ஒருவரும் வரவில்லை.

அம்மாவிடம் சொன்னால், “வயசுப் புள்ளைக்கு அப்படித்தான் கண்ணு இருக்கும், வெளிய சொல்லாத” என்பார். அமுச்சி எள்ளுருண்டை பிடித்துக் கொடுப்பார். கருஞ்சீரகம், பப்பாளி என்று பக்கத்து வீட்டு அக்காவும் சொல்லிப் பார்த்தார். எல்லாம் தின்றேன். முகத்தில் பருவும், தாடையில் மெல்லிய முடியும்தான் வந்ததே தவிர, வர வேண்டியது வரவில்லை.

அம்மா ஏன் அப்படிப் பயந்தார் என்று எனக்குத் தெரியும். எங்கள் அத்தை கதை அப்படி. கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. வேர் மருந்து, மந்திரிச்ச கயிறு, கோயில் கோயிலாக விளக்கு. மாமாவை ஒருநாளும் யாரும் ஒரு பரிசோதனைக்குக் கூப்பிடவில்லை. “உங்க பொண்ணுக்கு ஆரம்பத்துல இருந்தே சரியா வர்றதில்லையாமே” என்று ஒரு வார்த்தை சொல்லி, அத்தையை ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது அத்தையும் அம்மாவோடு தார் சுற்றுகிறார். இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கு, நாட்காட்டியைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். ‘நானும் அத்தை மாதிரிதானா?’

நூறு நாள் தாண்டிய அந்தத் தடவை அம்மா பயந்துபோய், ஒரு ஸ்கேன் சென்டருக்கு மட்டும் கூட்டிப் போனார். டாக்டரிடம் போகவில்லை. ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். கையில் கொடுத்த தாளில் ‘இரண்டு சினைப்பைகளிலும் பல நீர்க்கட்டிகள்’ என்று இருந்தது. விளக்கிச் சொல்ல யாரும் இல்லை. கட்டி என்ற ஒரு சொல் போதாதா? அன்றைக்கு ராத்திரி அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதது, தறிச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

அடுத்த வாரம் லேபில் ஒரு சின்ன சம்பவம். தறி ஓடிக்கொண்டே இருந்தது, சட்டென்று நின்றுவிட்டது. டெக்ஸ்டைல் நண்பர்களுக்குத் தெரியும், ஊடை நூல் அறுந்தால் வெஃப்ட் ஃபோர்க் தறியை நிறுத்திவிடும். சார் தறியைத் திட்டவும் இல்லை, கயிறு கட்டவும் இல்லை. “எங்க அறுந்திருக்குன்னு பாரும்மா” என்றார், அவ்வளவுதான். பார்த்தேன், சரிசெய்தேன், ஓடியது. எனக்கு அங்கேயே உறைத்தது. ஒரு இரும்புத் தறிக்குக் கொடுக்கிற நியாயத்தைக்கூட நான் என் உடம்புக்குக் கொடுக்கவில்லையே!

அந்தச் சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி, ஈரோட்டில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். வரிசையில் எல்லோரும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன் எழுதிய அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “எத்தனை மாசம்?” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான்தான், “மாசம் எல்லாம் இல்லீங்க, மாசாமாசம் வர்றதில்லீங்க” என்றேன். வரிசையில் இருந்த ஒரு அக்கா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாதி பயம் அங்கேயே போனது.

டாக்டர் முதலில் ஸ்கேன் தாளைப் பார்க்கவே இல்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எடை கூடியதா, பரு உண்டா, சாப்பாடு என்ன, தூக்கம் எப்போது என்று கேட்டார். தைராய்டு, சர்க்கரை, ஹார்மோன் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அதற்குப் பிறகுதான் தாளை எடுத்தார். அம்மாவைப் பார்த்து, “இது கட்டி இல்லீங்கம்மா. முட்டை வளர்ற சின்னச் சின்னப் பைகள். முழுசா வளர்ந்து வெளிய வராம அங்கங்க நிக்குது. இந்த வயசுல ஸ்கேனை மட்டும் வெச்சு எதையும் முடிவு கட்டமாட்டோம்” என்றார். எட்டு வருஷப் பயம் அம்மாவின் முகத்திலிருந்து கொஞ்சம் இறங்கியதை நான் பார்த்தேன்.

பரிசோதனையில் தைராய்டு சரியாக இருந்தது. எனக்கு இருப்பது பி.சி.ஓ.எஸ். என்றார். புது வியாதி ஒன்றும் இல்லை. 1935லேயே சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பார்த்து எழுதிவைத்தது. உலகம் முழுக்க, குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

அம்மா கேட்கக் கூச்சப்பட்ட கேள்வியை நானே கேட்டேன். “டாக்டர், எனக்குக் குழந்தை பிறக்குமாங்க?”

“பி.சி.ஓ.எஸ். இருக்கிற பெரும்பாலானவங்க தாயாகறாங்கம்மா. சிலருக்குத் தானாவே, சிலருக்கு முட்டை வெளிய வர மாத்திரையோட. அது அப்பப் பார்க்க வேண்டிய விஷயம். இப்ப பார்க்க வேண்டியது உன் உடம்பு. மாசக்கணக்கா வராம விட்டா கர்ப்பப்பையின் உள்தோல் தடிச்சுப் போகும், பின்னாடி சர்க்கரை வியாதி வரவும் வாய்ப்பு அதிகம். அதனாலதான் வைத்தியம்” என்றார். இன்னொன்றும் சொன்னார். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணுக்கும் அதில் பங்கு இருக்கிறதாம். ஆணுக்கு முதலில் செய்ய வேண்டியது ஒரு எளிய விந்துப் பரிசோதனை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேருக்கும் அத்தை ஞாபகம்தான்.

அதன்பின் நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். 1978 ஜூலை 25ல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. அதே வருஷம் அக்டோபர் 3ல் நம் கல்கத்தாவில் துர்கா. அதைச் சாதித்த டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயவை அன்றைய அரசுக் குழு நம்பவில்லை. அவர் 1981ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990ல் சென்னையில் பிறந்தது. சாதித்தவர் நடிகர் ஜெமினி கணேசனின் மகள், டாக்டர் கமலா செல்வராஜ்.

பெருமைப்பட்டால் மட்டும் போதுமா? 2022ல் நம் பக்கத்து ஈரோட்டிலேயே, பதினாறு வயதுப் பெண்ணின் கருமுட்டையைத் திரும்பத் திரும்ப எடுத்து விற்ற கொடுமை வெளிவந்தது. பெற்ற தாயே கைதானார். முட்டை கொடுப்பவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவைதான் கொடுக்கலாம் என்கிறது 2021ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் தெரியாத ஏழைப் பெண்ணும், குழந்தைக்காக ஏங்கும் பெண்ணும் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் புரோக்கருக்கு முதலீடு!

இனி என் கதை. டாக்டர் சில நாள் மாத்திரை கொடுத்தார், வந்தது. தினம் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கிறேன். டீக்கடை பன், பரோட்டா குறைந்தது. ஆறு மாதத்தில் நான்கு கிலோ இறங்கியது. போன மூன்று தடவை முப்பத்தெட்டு, முப்பத்தாறு, நாற்பத்தொரு நாள். முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் நாட்காட்டியைப் பார்த்தால் இப்போது வயிறு கலக்குவதில்லை.

அத்தையையும் அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். அத்தைக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. “உங்க வீட்டுக்காரரும் வரணுமே” என்றார் டாக்டர். அப்பா போய்க் கூப்பிட்டார். மாமா இன்றுவரை வரவில்லை. ஆனால் அத்தை அந்த ரிப்போர்ட்டை மடித்து, தன் பெட்டியில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறார். “என் மேல தப்பில்லன்னு ஒரு காகிதமாச்சும் இருக்குதே சாமி” என்றார். அதைக் கேட்டுவிட்டு நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

தோழியரே! பெரியவர்களுக்கு 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் வருவது இயல்பு. நம் வயதில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். மூன்று மாதம் வராவிட்டாலோ, ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல் போனாலோ தள்ளிப்போடாதீர்கள். காசு இல்லையென்றால் அரசு மருத்துவமனை இருக்கிறது. கேட்கக் கூச்சமா? 104க்குப் போன் செய்யுங்கள். தேதியைக் குறித்து வையுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

தோழர்களே! நான் சொன்ன வேலை இதுதான். நாளைக்கு உங்களுக்கும் கல்யாணம் ஆகும். குழந்தை தாமதமானால், மனைவியைப் பெட்டியோடு அனுப்புவதற்கு முன்னால், முதல் பரிசோதனைக்கு நீங்கள் போங்கள்.

தறி நின்றால் திட்டுகிறோமா? எங்கே அறுந்தது என்றுதானே பார்க்கிறோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவி,
டெக்ஸ்டைல் டெக்னாலஜி.