வாவிக்கரைத் தவிடு

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கதிரவன் எழும் கரையை எழுவான்கரை என்றும், படும் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். எழுவான்கரையில் தென்னையும் கடைத்தெருவும் கல்விக்கூடங்களும் செறிந்திருக்க, படுவான்கரையிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை வட்டை வட்டையாக நெல்வயல். அதற்கும் அப்பால் காடும் மேய்ச்சல் தரையும். மீன் பாடும் வாவியைக் காண வருவோர் பலர். வாவிக்கு மேற்கே மாடு என்ன தின்கின்றது என்று காணச் செல்வோர் சிலரே. அச்சிலருள் வாசகரையும் இன்று சேர்த்துக்கொள்ள விரும்புகின்றோம்.

மண்முனைத் துறையில் முன்னாளில் ஓடமே துணை. 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்ட பின்னர் சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்துவிடலாம். அங்கே கொக்கட்டிச்சோலை. அவ்வூர்த் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக் கல் நந்தியைப் பற்றிக் கர்ணபரம்பரைக் கதையொன்று உண்டு. ஆலயத்தை அழிக்க வந்த போர்த்துக்கேயத் தலைவன், இந்தக் கல்மாடு புல் தின்னுமோ என்று எள்ளினானாம்; நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் இட்டதாம். கதை எவ்வாறாயினும், மாட்டின் வாய்க்குப் புல் கிடைப்பது இந்நாட்டாருக்கு எத்துணைப் பெரிய காரியம் என்பதை அது நன்கு உணர்த்தும்.

இன்று அந்தப் புல்லுக்கே இடர் வந்துள்ளது. முன்மாரி வேளாண்மை தொடங்கியதும் பட்டி மாடுகளை வயற்புறத்திலிருந்து அகற்றி, மயிலத்தமடு, மாதவனை போன்ற மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டிச் செல்வது வழக்கம். அத்தரைகளில் வெளியார் அத்துமீறிப் பயிரிடுகின்றனர் என்று முறையிட்ட பண்ணையாளர், 2023ஆம் ஆண்டு செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர் அறப்போராட்டம் தொடங்கினர். புல் குறையுமிடத்து உழவன் கண் எங்கே செல்லும்? ஆலை வாசலில் அடுக்கியிருக்கும் தவிட்டு மூடையின் மீதுதான்.

ஆனால் தவிடு என்ற பெயரில் விற்பதெல்லாம் தவிடு அன்று. 100 கிலோகிராம் நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 20 கிலோகிராம் உமியும், 8 முதல் 10 கிலோகிராம் வரை தவிடும் பிரியும். எஞ்சியது அரிசியும் குறுணலும். தூய தவிட்டிலே நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்குக் குறையாத புரதமும், ஏறத்தாழ அவ்வளவு கொழுப்பும் உண்டு. உமியிலோ பெரும்பாலும் நாரும் மணற்சத்துமே உள்ளன. இரண்டும் கலந்துவிட்டால் மாட்டின் வயிறு நிறையும், மடி நிறையாது.

இரண்டையும் கலப்பதும் பிரிப்பதும் இயந்திரத்தின் செயல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டவரான எங்கல்பர்க் என்பார் அமைத்த உருக்கு உருளைப் பொறி, ஆசியா முழுவதும் சிற்றூர் ஆலைகளுக்குப் பரவிற்று. அது நெல்லை ஒரே மூச்சில் உரித்துத் தீட்டிவிடும்; எளிது, மலிவு. ஆயின் உமியும் தவிடும் நொய்யும் ஒன்றாகவே அதன் சல்லடை வழியே விழும். பின்வந்த இறப்பர் உருளைப் பொறியின் முறை வேறு. வெவ்வேறு வேகத்திற் சுழலும் இரண்டு உருளைகளுக்கிடையே நெல்லின் உமி மட்டும் கழன்றுவிடும். காற்றாடி அதனை ஊதி அகற்றும். அதன் பின்னரே அரிசி தீட்டப்படும். அவ்வாறு விழுவதே மெய்யான தவிடு.

அந்த இறப்பர் தேய்ந்தாலோ, காற்றாடியின் கதி தளர்ந்தாலோ மறுபடியும் தவிட்டில் உமி ஏறும். ஆகவே மாட்டுக்காரனின் இலாப நட்டம் அவன் ஒருநாளும் கண்டிராத பொறிவினைஞன் கையில் இருக்கின்றது. தீவன ஆலையிலும் இதே நியதிதான். தானியத்தை அடித்து நொறுக்கும் சுத்தியற் பொறியில் ஒரு முனை மழுங்கினால், சுத்தியலைத் திருப்பி மறு முனையைப் பயன்படுத்த வேண்டும். தானியத்தோடு வரும் ஆணியைக் காந்தம் பிடிக்காவிடில் சல்லடை கிழியும். மாட்டின் வயிற்றுக்கும் கேடு. கலவைப் பொறி சீராகச் சுழலாவிடில், ஒரு மூடையில் உப்பு மிகும். மறு மூடையில் அறவே இராது.

இப்பணியைப் பெருந்தொழிலாக நடத்தும் நிறுவனங்களும் உலகில் உள. சுவிற்சர்லாந்தின் உஸ்வில் என்னும் ஊரில் 1860ஆம் ஆண்டு இரும்பு வார்ப்புப் பட்டறையாகத் தோன்றிய பியூலர் நிறுவனம், இன்று பற்பல நாடுகளின் மா ஆலைகளுக்கும் தீவன ஆலைகளுக்கும் இயந்திரம் அமைக்கின்றது. சிற்றூர்ப் பட்டறை என்று எதையும் இகழ்தல் தகாது என்பதற்கு அதுவே சான்று.

நமது நாட்டின் பெரிய தீவன ஆலைகளோ பெரும்பாலும் மேற்குப் புறத்திலே உள்ளன. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையே 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வழி. கிழக்கில் விளையும் சோளன் லொறியேறிப் போய், தீவனமாக அதே வழியில் மீள்வதுண்டு. 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்தின் இறக்குமதி தடுக்கப்பட்டபோது சோளன் விளைச்சல் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணியும் அருகவே, தீவன விலை ஏறிற்று. சிறிய கோழிப் பண்ணைகள் பல மூடப்பட்டன. நெடுந்தொலைவிலிருந்து வரும் மூடையை நம்பியிருப்பதன் இடர் அன்று விளங்கியது.

தவிட்டை நெடுநாள் வைத்திருத்தலும் இயலாது. பச்சையரிசித் தவிட்டின் எண்ணெய் சில நாள்களிலேயே சிக்கடிக்கத் தொடங்கும். புழுங்கல் நெல்லின் தவிடு அவித்த வெம்மையால் சற்று நின்று பிடிக்கும். நீராவியிற் பதப்படுத்தித் துளையச்சில் அழுத்திக் குறுணையுருவாக்கினால் தூசு பறவாது. மாடும் கோழியும் விரும்பியதைப் பொறுக்கி மற்றதைத் தள்ளவும் மாட்டா. நெல்லும் சோளனும் மாடும் ஒருங்கே உள்ள வாவிக்கரைக்கு இப்பொறிகள் எட்டாதவை அல்ல. அவற்றைப் பழுது பார்க்கும் கைகள் அண்மையில் இருந்தால் போதும். இளைஞர்க்குத் தொழிற்கல்வி அளிப்போர் இதனைக் கருத்திற்கொள்வது நன்று.

அதுவரை தவிடு வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பாருங்கள். எண்ணெய்ப் பசையுள்ள நல்ல தவிடு கொழுக்கட்டை போலப் பிடிபட்டு நிற்கும். உமி மிகுந்தது விரலிடையே உதிர்ந்துபோகும். உதிர்ந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதோடு நில்லாமல், இறப்பர் உருளையை மாற்றி எத்தனை நாளாயிற்று என்றும் ஆலைக்காரரைக் கேளுங்கள்.