துவாரகாவில் ஒரு மஞ்சள் சுவாலை

டெல்லியின் தென்மேற்கில் உள்ள துவாரகாவுக்கு நீங்கள் வருவீர்களானால், தெருப்பெயரைத் தேடாதிருங்கள். செக்டார் எண்ணையும் சொசைட்டியின் பெயரையும் சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கு விளங்கும். 2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோ ரயில் இங்கு வந்தது. 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் அடுப்பையும் பாத்திரங்களையும் சுமந்துகொண்டு வேறு செக்டாருக்குப் போகிறவர்கள் நம்மவரில் அநேகர்.

நாங்களும் ஒரு ஜனவரியில் அப்படி மாறினோம். பழைய வீட்டில் குழாய்வழி எரிவாயு; புதிய வீட்டிலோ சிலிண்டர். அதே அடுப்பை இணைத்துப் பற்றவைத்தபோது, மஞ்சள் சுவாலை பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி எழும்பியது. தோசைக்கல்லின் அடியெல்லாம் கரி. பர்னரில் அழுக்கு என்றெண்ணி ஜெட்டை ஊசியால் குத்தினேன். துளை பெரிதாகிக் கேடு கூடிற்றேயன்றிக் குறையவில்லை.

காரணம் எளியது. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். ஒரே கன அளவில் பின்னது ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பம் தரும். ஆகவே குழாய் வாயுவுக்கு ஜெட்டின் துளை பெரிது, சிலிண்டருக்குச் சிறிது. மெக்கானிக் ஜெட்டுகளை மாற்றியதும் சுடர் நீலமாயிற்று. வீடு மாறுமுன் இதைக் கேட்டறியுங்கள்.

குளிர்காலக் காலையில் சுடர் சோர்ந்துபோனால் அடுப்பைக் குறைசொல்ல வேண்டாம். பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயே, மைனஸ் 0.5 டிகிரியிலே கொதிப்பது; புரொப்பேனோ மைனஸ் 42 டிகிரியில். குளிரக் குளிரச் சிலிண்டரின் அழுத்தம் குறையும். குளிர்நாடுகளில் வீட்டு வண்டிகளில் பயணம் செய்வோர் புரொப்பேனையே நாடுவதும் இதனால்தான். அதற்காகச் சிலிண்டரைச் சாய்த்துப் படுக்க வைக்காதீர்கள். திரவமே குழாய்க்குள் புகுந்துவிடும்.

வாயு நாற்றம் வந்தால் மின்விசிறியின் சுவிட்சைக்கூடத் தொடாமல் கதவு ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழையுங்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும்; ஆகையால் பால்கனிக் கதவை அவசியம் திறவுங்கள்.

கீசரைப் பற்றி ஒரு வார்த்தை. அது பற்றிக்கொள்ளாவிட்டால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். மேல்மாடியானால் தண்ணீரின் அழுத்தம் குறைவாயிருக்கலாம். ஆனால் மூடிய குளியலறைக்குள் அது ஒழுங்காக எரிவதுபோல் தோன்றுவதே அதிக ஆபத்து. காற்று போதாமல் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலியும் மயக்கமுமே அடையாளம். எங்கள் கீசர் இப்போது பால்கனியில் இருக்கிறது. சுடுநீர் வந்துசேருமுன் அரை வாளி குளிர்ந்த நீர் ஓடிவிடுகிறது. அதில் என் மனைவி துணி ஊறவைக்கிறாள்.