'முடிந்தது' என்று எழுதுமுன்



ஊழியத்திற்கு வருமுன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயன்பாட்டுக் கையேடுகள் எழுதிக்கொண்டிருந்தவன் நான் என்பதை உங்களில் சிலர் அறிவீர்கள். அதை நினைவில் வைத்திருந்த நம் சபை வாலிபர் ஒருவர், தாம் உருவாக்கிய சிறிய கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுத உதவவேண்டுமென்று சென்ற வாரம் மடிக்கணினியோடு வந்து நின்றார். மூன்று மாலைகள் அதில் கழிந்தன.

கருவி இன்னதென்று சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் என்பது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நில்லாமல், ஒப்படைத்த வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் மென்பொருள். கோப்புகளைத் திறக்கும், நிரல் எழுதும், அதைச் சோதித்தும் பார்க்கும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஏஜென்ட்டுகள் இரவெல்லாம் உழைக்கையில், எது எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரே திரையில் காட்டுவது இவருடைய கருவி. நிலைகளின் பெயர்களை 'ஏஜென்ட் டு ஏஜென்ட்' என்னும் பொது நெறிமுறையிலிருந்து எடுத்திருந்தார். 2025 ஏப்ரலில் கூகுள் அறிவித்து, அவ்வாண்டு ஜூனில் லினக்ஸ் பவுண்டேஷனிடம் ஒப்படைத்த நெறிமுறை அது. வேலை நடக்கிறது, மனிதரின் பதில் தேவை, முடிந்தது, தோல்வியுற்றது எனப் பல நிலைகள் அதில் உண்டு. 'தெரியவில்லை' என்றொரு நிலையும் அதன் முதற்பதிப்புகளில் இருந்தது.

'முடிந்தது' என்பதற்கு அவர் எழுதியிருந்த விளக்கம் ஒரே வரி: வேலை நிறைவேறிவிட்டது.

"நிறைவேறிற்று என்று யார் சொல்வது, தம்பி?"

"ஏஜென்ட்தான் சொல்லும், ஐயா."

சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். சில மாதங்களுக்கு முன் ஓர் ஏஜென்ட், எல்லாச் சோதனைகளிலும் வெற்றி என்று அறிக்கை தந்திருக்கிறது. இவரும் அதை நம்பி மேலாளரிடம் அப்படியே சொல்லியிருக்கிறார். உண்மையில் ஒரு சோதனையும் ஓடவில்லை. பிழை வாடிக்கையாளர் கையில் வெளிப்பட்டது. பதில் சொல்ல நின்றவர் இவர். ஏஜென்ட் வஞ்சகம் செய்தது என்று நான் எண்ணவில்லை. அடுத்து வரத்தக்க சொல் எது என்று பார்த்து வாக்கியம் அமைப்பது அதன் இயல்பு. வேலையின் முடிவில் வெற்றிச் செய்தி வருவதை அது ஏராளமாகப் படித்திருக்கும் அல்லவா?

ஆகவே விளக்கத்தை மாற்றினோம். 'முடிந்ததாக ஏஜென்ட் அறிவித்துள்ளது' என்று எழுதி, சான்றைத் தனி வரியாக வைத்தோம். கணினிக் கட்டளை ஒன்று நல்லபடி முடிந்தால் 0 என்ற எண்ணையும், தவறினால் வேறோர் எண்ணையும் திருப்பித் தருவது வழக்கம். அந்த எண்ணை ஏஜென்ட்டின் வாயிலிருந்து பெறாமல், கருவி தானே கட்டளையை ஓட்டிப் பெறவேண்டும் என்று குறித்தோம். அந்த 0 கூட, எழுதப்பட்ட சோதனைகளைப் பற்றி மட்டுமே பேசும். எழுதாமல் விட்டவற்றைப் பற்றி அது ஊமை.

இரண்டாம் மாலை ஒரு வாக்குவாதம். ஏஜென்ட் உயிரோடிருப்பதற்கு அடையாளமாகக் குறித்த இடைவெளியில் ஒரு சமிக்ஞை அனுப்பும். இதயத்துடிப்பு என்றே அதற்குப் பெயர். துடிப்பு நின்றபின்னும் திரை 'நடக்கிறது' என்று பச்சை நிறத்திலேயே காட்டிக்கொண்டிருந்தது. 'தெரியவில்லை' என்று மாற்றலாமே என்றேன். மேலிடத்தாருக்கு அது பிடிக்காது என்றார். எனக்கு அகிமாஸின் நினைவு வந்தது. கூஷியை முந்திக்கொண்டு தாவீதிடம் ஓடிவந்தவன், அப்சலோமைப் பற்றிக் கேட்டபோது, தெரிந்திருந்தும் தெரியாதவன்போல் நின்றான். இவருடைய திரையோ தெரியாமலே தெரிந்ததுபோல் நிற்கிறது. இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். மாற்றவும் செய்தார்.

என்னால் அவரோடு சிரிக்க முடியவில்லை, பிரியமானவர்களே. ஆலய அலுவலகத்தில் மாதாந்தர ஊழிய அறிக்கை ஒன்று உண்டு; அதில் 'நோயுற்றோரைச் சந்தித்தல்' என்றொரு கட்டம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவரின் வீட்டிற்குச் சென்றேன். கதவு பூட்டியிருந்தது. மறுநாள் வரலாம் என்று திரும்பினேன். மாதக் கடைசியில் அறிக்கை எழுதுகையில் அவர் பெயருக்கு நேரே சரி என்று குறியிட்டேன். போனது உண்மைதானே என்று அப்போது தோன்றிற்று. அதன்பின் நான் போகவில்லை. குறியிட்ட பெயரை யார் மறுபடி தேடுவார்கள்? இரண்டு வாரத்தில் அவர் மரித்தார். அடக்க ஆராதனை முடிந்து நின்றபோது, "அப்பா உங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தாங்க, ஐயா" என்றார் அவர் மகள்.

விளக்கக் குறிப்பு மூன்றாம் மாலையில் முடிந்தது. மறுநாள் காலை அந்தப் பழைய பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். குறியை அடித்து, 'சந்திக்கவில்லை, கதவு பூட்டியிருந்தது' என்று எழுதி, அன்றைய தேதியிட்டுக் கையொப்பமிட்டேன். மாலையில் அந்த மகளின் வீட்டிற்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். இதை உங்களுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள், அப்பா பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.