சிங்கப்பூரில் ஆறு மணி நேரம்

மெல்பேண் செல்லும் வழியிற் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் யாம் ஆறு மணி நேரம் தங்க நேர்ந்தது. 2019இல் திறக்கப்பெற்ற 40 மீற்றர் உயர நீர்வீழ்ச்சியொன்று ஆங்கு கட்டடத்துள்ளேயே உளது. யாழ்ப்பாணத்தார்க்கு அருவி அரிதே. எனினும், வருகை அட்டையை இணையத்தில் முன்னரே நிரப்பியிருந்தமையால், வாடகைக் காரிற் காத்தோங் விரைந்தோம். அங்கே சிலோன் வீதியில் இலங்கைத் தமிழர் பேணும் செண்பக விநாயகர் ஆலயம் உண்டு.

எம் பாட்டனார் அந்நகரில் எழுதுவினைஞராயிருந்து அனுப்பிய பணத்திலேயே எம் தந்தையார் இக்கல்லூரியிற் பயின்றார். பாட்டனார் ஊர் மீண்டிலர். ஈமக்கடனுக்கும் எவராலும் செல்ல இயலவில்லை. வெள்ளிதோறும் செண்பகப் பிள்ளையாரை வழிபடுவதாக அவர் எழுதிய கடிதம் மட்டும் வீட்டிலுண்டு.

அருச்சனைக்குப் பெயர் வினவினார் குருக்கள். எண்பது வயதை எய்திய தந்தையாரின் பெயரும் நட்சத்திரமும் கூறினோம். விபூதியைத் தாளில் மடித்துக்கொண்டு, விமானத்திற்கு இரண்டு மணி நேரம் முன்பே மீண்டோம்.