பி.பி. நம்பர்

2003இல் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்தார். படிப்புக்கு என்று சொல்லித்தான் கேட்டிருந்தேன். முதல் மாதமே அதில் வேற்றுக்கிரகவாசிகளைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

விளையாட்டில்லை. செட்டி அட் ஹோம் என்று ஒரு திட்டம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1999 மே மாதம் தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோவில் 305 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய கிண்ணம்போல இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி, வானத்திலிருந்து வரும் இரைச்சலைப் பதிவு செய்யும். அதைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி உலகமெங்கும் இருக்கிற சாதாரண கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு பொட்டலம் என்பது 107 விநாடி வானம். நாம் வேலை செய்யாத நேரத்தில் கம்ப்யூட்டர் அந்த இரைச்சலைச் சலித்து, இயற்கையாக வர வாய்ப்பில்லாத ஒழுங்கு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கும். எங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டலம் முடிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். திரையில் மலைத்தொடர் மாதிரி வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கரண்ட் பில் வந்ததும் அப்பா கேட்டார்.

"ராத்திரி பூரா இது என்னத்த ஓடிக்கிட்டிருக்கு?"

சொன்னேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு, "எரைச்சலுக்குள்ள ஒரு சத்தத்தத் தேடுதாக்கும்" என்றார். அது அவருக்குப் புரிந்த வேலை. நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றுகிற இடத்தில் ஒன்று சரியில்லையென்றாலும் அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அதே சத்தம்தான் அவருடைய இடது காதையும் கொண்டுபோயிருந்தது.

அதற்குப் பிறகு, நைட் ஷிப்ட் முடிந்து வரும் காலைகளில் சைக்கிளை நிறுத்தும்போதே கேட்பார்.

"ஏதாச்சும் வந்துச்சா?"

"இல்லப்பா."

எனக்கு அந்தக் கேள்வி பழக்கமானது. 1996லிருந்து அதே வார்த்தைகளில் அம்மாவிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருஷம்தான் அண்ணன் வீட்டைவிட்டுப் போனான். பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் நாலைந்து அரியர். அப்பா கை நீட்டிவிட்டார். மறுநாள் விடியும்போது பாய் மட்டும் சுருட்டி வைத்திருந்தது.

அப்போது எங்கள் வீட்டில் போன் இல்லை. எதிரே இருந்த மளிகைக்கடை நம்பர்தான் எங்களுக்கு பி.பி. நம்பர். இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: போன் வைத்திருப்பவரின் நம்பரை நம் நம்பராகக் கொடுப்போம். நமக்கு யாராவது பேசினால், அவர் வாசலில் நின்று கூப்பிட்டுவிடுவார். 1998இல் ஒரு சாயங்காலம் கடைக்காரர் அப்படிக் கூப்பிட்டார். ஆம்பளைக் குரல், அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டதாம். அப்பா ஓடினார். அலோ, அலோ என்றார். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் லைன் கட்டாகிவிட்டது. மறுபடி வரவேயில்லை.

அவன்தான் என்றார் அப்பா. மில் ஆள் எவராவது இருக்கும் என்றாள் அம்மா.

ஒருநாள் ராத்திரி அப்பாவுக்கு 'வாவ்' சிக்னலைப் பற்றிச் சொன்னேன். 1977 ஆகஸ்ட் 15, அமெரிக்காவின் ஒஹையோவில் பெரிய காது என்று பெயர் கொண்ட ரேடியோ தொலைநோக்கி. 72 விநாடிகளுக்குப் பலமான ஒரு சிக்னல் பதிவானது. சில நாள் கழித்து அச்சான தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெர்ரி ஏமன், சிவப்புப் பேனாவால் சுழித்து ஓரத்தில் 'வாவ்' என்று எழுதினார். அந்தத் தொலைநோக்கிக்கு அலை வாங்கும் கொம்புகள் இரண்டு. வானத்தில் இருக்கும் எந்தப் பொருளும் முதலில் ஒன்றின் பார்வையிலும், சுமார் மூன்று நிமிட இடைவெளியில் இன்னொன்றின் பார்வையிலும் விழவேண்டும். இந்தச் சிக்னல் ஒன்றில் மட்டுமே பதிவாகியிருந்தது. பிறகு எத்தனையோ முறை அதே திசையில் தேடியும் கிடைக்கவில்லை.

"ஒரு காதுல கேட்டுச்சு, இன்னொண்ணுல கேக்கல" என்று அவருக்குப் புரியும்படி முடித்தேன்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"அன்னைக்கு அவசரத்துல ரிசீவர எடது காதுல வச்சிட்டேன், தம்பி."

ஐந்து வருஷமாக அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை.

அதுவரை எனக்குக் கேள்வி சுலபமாக இருந்தது. அங்கே யாராவது இருக்கிறார்களா, இல்லையா? 1950இல் என்ரிக்கோ ஃபெர்மி மதியச் சாப்பாட்டு மேஜையில் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்: இவ்வளவு நட்சத்திரங்கள் இருந்தும் ஒருவரையும் காணோமே, எல்லோரும் எங்கே? அன்றைக்குத்தான் அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பது உறைத்தது. எதுவும் வரவில்லையா? வந்து, நமக்குத்தான் கேட்கவில்லையா?

நாம் கேட்டிருப்பது மிகக் கொஞ்சம். 1960இல் ஃபிராங்க் டிரேக் தொடங்கியபோது குறிவைத்தது இரண்டே நட்சத்திரங்களை. அதன்பின் நடந்த தேடலைப் பற்றி ஜில் டார்ட்டர் ஓர் உவமை சொல்வார். கடலில் ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு பார்க்கிறோம். அதில் மீன் இல்லை. கடலிலேயே மீன் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? ஆனால் டம்ளர் காலி என்பதை வைத்துக் கடலில் மீன் உண்டு என்றும் சொல்ல முடியாது. சூரியனைத் தவிர மற்ற நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்கள் 5,000க்கு மேல் கண்டுபிடித்தாகிவிட்டது. உயிர் இருப்பதாக நிச்சயமாகத் தெரிந்தது இன்னும் ஒன்றே ஒன்றுதான். அதில் நாம் இருக்கிறோம். ஒற்றை உதாரணத்தை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது.

எனக்கு உயிர் இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. பூமி தோன்றி முதல் நூறு கோடி ஆண்டு முடிவதற்குள்ளேயே இங்கே நுண்ணுயிர்கள் வந்துவிட்டன. அத்தனை சீக்கிரம் நடந்தது வேறெங்கும் நடக்காமலா இருக்கும்? ஆனால் இப்படி நம்ப எனக்குத் தனிப்பட்ட ஆசை இருக்கிறது என்பதும் தெரியும். அதனால் என் சாட்சியை நீங்கள் கொஞ்சம் தள்ளித்தான் வைக்கவேண்டும்.

2020 மார்ச் 31ஆம் தேதியோடு செட்டி அட் ஹோம் பொட்டலங்கள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஊரடங்கு. வீட்டில்தான் இருந்தேன். அப்பாவின் வலது காதருகே போய்ச் சொன்னேன்.

"கேக்கிறதையே விட்டுட்டாங்களா?"

"இல்லப்பா. இதுவரைக்கும் வந்ததையெல்லாம் ஒழுங்காப் பிரிச்சுப் பாக்கப்போறாங்க."

"அப்ப சரி" என்றார்.

மளிகைக்கடைக்காரர் செல்போன் வாங்கியதும் லேண்ட்லைனைச் சரண்டர் செய்யப் போனார். அப்பா தடுத்துவிட்டார். அன்றிலிருந்து அதன் மாத வாடகையை அவர்தான் கட்டுகிறார். நானும் ஒருமுறை வாதாடிப் பார்த்தேன். அண்ணனுக்கு அந்த ஒரு நம்பர்தான் தெரியும் என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்ல? லைன் அடிக்கடி செத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய், ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவார். இப்போதெல்லாம் மறக்காமல் வலது காதில் வைக்கிறார்.