சிடாமோ என்னும் பெயர்

சிறப்புக் காப்பிப் பொட்டலங்களில் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் ஓர் ஊரின் பெயரோ வட்டாரத்தின் பெயரோதான். சுவைத்து மதிப்பிடுவோர் 100க்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் இட்டால் ஒரு கொட்டை 'சிறப்புக் காப்பி' என்னும் தகுதியைப் பெறுகிறது. அத்தகுதிக்காக வாங்குபவர் தரும் கூடுதல் விலையில் கணிசமான பங்கு அந்த இடப்பெயருக்கு உரியது. அப்பெயர் யாருடைய உடைமை என்னும் கேள்வியை எத்தியோப்பியா நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருந்தது.

அராபிகாவின் தாயகம் எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைநாடு. அம்ஹாரிக் மொழியில் காப்பிக்குப் 'புன்னா' என்று பெயர். உலகமோ அரபியின் 'கஹ்வா'வை ஏற்றுத் தன் தன் நாவுக்கேற்பத் திரித்துக்கொண்டது. 'மோக்கா' என்பதும் ஏமன் நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயரே. விளைந்த நிலத்தின் சொல்லைவிடக் கப்பலேறிய துறையின் சொல்லே வணிகத்தில் நிலைத்தது.

2005ஆம் ஆண்டில் எத்தியோப்பிய அரசு சிடாமோ, ஹரார், யிர்கச்செஃபே ஆகிய மூன்று பெயர்களையும் தன் வணிகக்குறிகளாகப் பதியுமாறு அமெரிக்காவில் விண்ணப்பித்தது. அந்நாட்டுக் காப்பி வணிகர்களின் சங்கம் அதை எதிர்த்தது. இவை ஒருவகைக் காப்பியைக் குறிக்கும் பொதுச்சொற்களாகிவிட்டன என்பது எதிர்த்தரப்பின் வாதம். சிறப்புப்பெயரா, பொதுப்பெயரா என்னும் இலக்கணக் கேள்வி அங்கே பல இலட்சம் குடும்பங்களின் வருவாய்க் கேள்வியாயிற்று. சிடாமோ என்னும் சொல் அடங்கிய ஒரு பெயருக்கு ஸ்டார்பக்ஸ் நிறுவனம் முன்னரே விண்ணப்பித்திருந்தது. பின்னர் அதனைத் திரும்பப் பெற்றது. 2007இல் இருதரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. எத்தியோப்பியா உரிமத்தொகை கேட்கவில்லை. பெயர் தன்னுடையது என்பதை ஒப்புக்கொண்டு பயன்படுத்தினால் போதும் என்றது.

பெயர் மீண்டது. விலை மீண்டதா என்பது வேறு கேள்வி. பச்சைக் கொட்டையின் விலைக்கு அளவுகோல் இன்றும் நியூயார்க் சந்தைதான். 1989இல் பன்னாட்டு ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை குலைந்தபின் அந்த விலைக்குத் தாங்குகோல் இல்லாது போயிற்று; 2001இல் அது இறாத்தலுக்கு 50 சென்டுக்கும் கீழே சரிந்தது. வறுப்பதும் பொதிவதும் பெயரிட்டு விற்பதும் பெரும்பாலும் வாங்கும் நாடுகளிலேயே நடக்கின்றன. உழவர் கையிலிருந்து போவது பழமோ பச்சைக் கொட்டையோதான்.

உள்நாட்டிலும் இடர் இருந்தது. 2008இல் தொடங்கிய எத்தியோப்பியப் பண்டச் சந்தையில் காப்பி வட்டாரவாரியாகவும் தரவாரியாகவும் ஒன்றாகக் கலக்கப்பட்டது. வட்டாரத்தின் பெயர் தங்கிற்று. ஊரின் பெயர் மூட்டைக்குள் மறைந்தது. சிறப்புக் காப்பி வாங்குவோர் தேடியதோ அந்த ஊர்ப் பெயரையே. 2017இல்தான் இவ்விதிகள் தளர்ந்தன. இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம், காப்பி விளைந்த நிலத்தின் புவியிட விவரத்தையும் அது காடழித்து உண்டானதன்று என்பதற்கான சான்றையும் கோருகிறது. நோக்கம் நல்லதே. வீட்டையொட்டிய சிறு நிலத்தில் சில நூறு செடிகள் வைத்திருப்பவருக்கு அந்த அளவீட்டுச் செலவை யார் ஏற்பது என்பதே சிக்கல்.

சிடாமோ என்பது பழைய மாகாணத்துக்கு ஆட்சியாளர் வழங்கிய பெயர். அங்கு வாழும் மக்கள் தம்மைச் 'சிடாமா' என்றே அழைக்கின்றனர். அவர்தம் மொழி சிடாமு அஃபோ. 2019இல் நடந்த பொதுவாக்கெடுப்பின் பயனாக 2020இல் சிடாமா தனி மாநிலமாயிற்று. எனினும் பொட்டலங்கள் பலவற்றில் இன்றும் அந்த ஓகாரமே நிற்கிறது.

இந்தியாவிலும் குடகு, வயநாடு, அரக்கு உள்ளிட்ட ஐந்து வட்டாரக் காப்பிகள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றன. அரக்குப் பள்ளத்தாக்கில் பயிரிடுவோர் பழங்குடி மக்கள். அப்பெயரின் விலையில் எவ்வளவு அவர்களுடைய வீட்டு முற்றம்வரை வந்து சேர்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.