சித்தப்பாவின் சைக்கிளும் அத்தையின் ஒத்தையடிப் பாதையும்

போடியில் எங்கள் தெருவில் எந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாலும் ஏலக்காய் வாசம் அடிக்கும். கிட்டங்கியிலிருந்து மூட்டை வந்து இறங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுளகில் புடைத்து, காம்பைக் கிள்ளி, பருவெட்டுக் காயைத் தனியே, பொடிக் காயைத் தனியே, வெடித்ததைத் தனியே ஒதுக்குவார்கள். வாய் ஒரு பக்கம் ஊர்க்கதை பேசும், விரல் ஒரு பக்கம் ஓடும், அந்த விரலாலேயே பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளையின் தலையைக் கோதிவிட்டால் முடியிலும் வாசம் ஏறி மறுநாள் பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வரும். இத்தனைக்கும் எங்கள் ஊர் மண்ணில் ஒரு ஏலச்செடி கிடையாது. மாமரமும் இலவமரமும் தென்னையும்தான். ஏலம் விளைவது மேற்கே மலை ஏறிப்போய் அந்தப் பக்கம், கேரளத்து இடுக்கியில். விற்கிற சந்தை மட்டும் எங்களுடையது. அதனால் மலை எங்கள் வீட்டுக்குள் மூட்டையாக வந்து கிடந்தது, அடுப்படியில் தேயிலைத் தூளாக இருந்தது, விடியக்காலையில் ஜீப்பாக வந்து வாசலில் நின்று ஹாரன் அடித்தது.

அந்த ஜீப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளி முளைக்கிற நேரத்தில் வந்துவிடும். பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டி, கையில் தூக்குவாளியும் கக்கத்தில் சாக்குப் பையுமாக வந்து ஏறுவார்கள். இனி இடமில்லை என்று தோன்றிய பிறகும் நாலு பேர் ஏறுவார்கள். டீசல் புகையும் வெற்றிலையும் தேங்காயெண்ணெயும் பழைய சோற்றுத் தண்ணியின் புளிப்பும் கலந்த ஒரு காற்று தெருவில் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு வண்டி முந்தல் பக்கம் திரும்பிவிடும். எங்கள் அத்தை, அப்பாவோடு கூடப் பிறந்த மூத்தவர், அந்த ஜீப்பில் போகிறவர். ஏலச்செடியில் காய் பிடிக்கிற சரம் தூரிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டிக் கிடக்கும். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈர மண்ணில் நகர்ந்து நகர்ந்து பழுத்த காயை மட்டும் எடுக்க வேண்டும். சாயங்காலம் அத்தை வந்து இறங்கும்போது கையெல்லாம் கறை பிடித்திருக்கும். அந்தக் கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எனக்கு அப்போது பெரிய வேடிக்கை.

சித்தப்பா வேறு மாதிரி. அவர் மலைக்கு வேலைக்குப் போனதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மண்ணெண்ணெயும் பஞ்சர் சொலூஷனும் கலந்த அந்தக் கடை வாசனைக்கு என்னை எத்தனை மணி நேரமும் கட்டிப்போடுகிற சக்தி இருந்தது. தகரத் தட்டில் பால்ரஸ் குண்டு, ஆணியில் தொங்கும் பழைய டியூப், சுவரில் சாக்கட்டியால் எழுதிய நேரக் கணக்கு. சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வெயில் காலம் முடிந்து சாரல் காற்று ஊருக்குள் வர ஆரம்பித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, இரண்டு சைக்கிளைப் பஸ் கூரையில் ஏற்றிக் கட்டி, என்னையும் பெரியப்பா மகனையும் கூட்டிக்கொண்டு போடிமெட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஏறுவதற்குப் பஸ், இறங்குவதற்குச் சைக்கிள்.

முந்தல் தாண்டியதும் ரோடு ஏறத் தொடங்கும். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றையும் நாங்கள் இருவரும் சத்தம் போட்டு எண்ணுவோம், பஸ்ஸில் இருக்கிற பெரியவர்கள் சிலரும் கூடவே எண்ணுவார்கள். நாலாவது ஐந்தாவது வளைவுக்குள் காது அடைக்கும். சித்தப்பா எச்சிலை விழுங்கச் சொல்வார். புலியூத்துப் பக்கம் வரும்போது தண்ணீர் விழுகிற சத்தம் எஞ்சின் சத்தத்துக்குள் புகுந்து வெளியே வரும். அதற்கு மேலே காற்றில் சூடு குறைந்துகொண்டே போய், உச்சியில் இறங்கும்போது பல் கிட்டும்.

நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிற அந்த மேட்டில் எனக்குத் தீராத அதிசயம் மழைதான். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையில் மோதி, கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகிறது. எங்கள் பக்கம் வருவது வெறுங்காற்றும் தூவானமும்தான். இதைப் பிற்பாடு பூகோளப் பாடத்தில் படித்தபோது வாத்தியார் படம் வரைந்து விளக்கினார். எனக்குப் படம் தேவைப்படவில்லை. டீக்கடைக்கு மேற்கே போனால் குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் நடப்பார்கள், கிழக்கே வந்து எட்டிப் பார்த்தால் கீழே போடி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். பொங்கின பால் சட்டி விளிம்பைத் தாண்டி வழிகிற மாதிரி மேகம் மேட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வழியும், பாதி தூரம் இறங்கும், அப்புறம் காணாமல் போய்விடும். அது எங்கே போகிறது என்று சித்தப்பாவைக் கேட்பேன். "சூட்டுல கரைஞ்சு போகுதுடா" என்பார். கரைகிற இடத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று கையில் பழம்பொரியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருக்கிறேன்.

இறங்குவதற்கு முன்னால் சித்தப்பா ஒரு சடங்கு மாதிரி எல்லாவற்றையும் செய்வார். இரண்டு சைக்கிளின் பிரேக் கட்டையையும் அழுத்திப் பார்ப்பார். செயினில் எண்ணெய் விடுவார். பாரில் துண்டைச் சுற்றிக் கட்டி என்னை உட்கார வைப்பார். ரோட்டோரம் முறிந்து கிடக்கிற பச்சைக் கொப்பு ஒன்றைத் தேடி எடுத்து, கேரியரில் கயிறு போட்டுப் பின்னால் இழுபடுகிற மாதிரி கட்டுவார். விறகு கொண்டு இறங்குகிறவர்களிடம் அவர் கற்றுக்கொண்ட வேலை அது. இலை தரையில் உரசுகிற பிடிப்பில் வேகம் மட்டுப்படும், பிரேக் கட்டை தேயாமல் பிழைக்கும். பெரியப்பா மகனுக்கு ஒவ்வொரு முறையும் அதே புத்திமதி: "விட்டு விட்டுப் பிடி. முன்பிரேக்கை மட்டும் பிடிச்சேன்னா குப்புற அடிச்சிரும். வளைவுல உள்பக்கம் பாக்காத, எங்க போகணுமோ அங்க பாரு."

அப்புறம் அந்த இறக்கம். காதுக்குள் காற்று, பின்னால் கொப்பு சரசரவென்று வருகிற சத்தம், சித்தப்பாவின் தாடை என் உச்சந்தலையில் இடிக்கிறது, வளைவு திரும்பும்போது ஒருமுறை மலை கண்முன்னால் வருகிறது, ஒருமுறை ஒன்றுமே இல்லாத வெளி வருகிறது, அந்த வெளிக்குக் கீழே கண்மாயும் தென்னந்தோப்பும் செம்மண் பாதையும் மெல்லச் சுழன்று இடம் மாறுகின்றன. எதிரே லாரி ஏறி வந்தால் ஓரங்கட்டி நிற்போம். ரப்பர் கருகுகிற வாசம் வரும். இறங்க இறங்கச் சூடு முதலில் முட்டியில் தெரியும், பிறகு முகத்தில். உச்சியில் நடுங்கினவன் முந்தலுக்கு வரும்போது சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருப்பேன். ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி ரிம்மில் தெளித்தால் சுர்ரென்று ஆவி கிளம்பும். அதைக் கேட்பதற்காகவே இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு தண்ணீர் அள்ளுவோம். எனக்கு வேகம் என்பதும் பயம் என்பதும் ஒரே நேரத்தில் அறிமுகமான இடம் அந்த ரோடு, இரண்டையும் சித்தப்பாவின் இரண்டு கைக்கு நடுவே உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

அத்தையோடு போன மலை இதற்கு நேர்மாறு. அது நடை.

அத்தையின் கொழுந்தனார் குடும்பம் மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தது. அங்கே ஒரு பெண் சமைந்துவிட்டாள் என்று சேதி வந்தது. பஸ்ஸில் சுற்றிப் போனால் ஒரு பகல் போய்விடும், காசும் ஆகும். "குரங்கணி வழியா ஏறிட்டா டாப் ஸ்டேசன்டா, அதுக்கு எதுக்கு ஊரைச் சுத்தணும்" என்று அத்தை முடிவு செய்தார். காலாண்டுப் பரீட்சை லீவு, நானும் ஒட்டிக்கொண்டேன். 1982 என்று நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

போடியிலிருந்து 16 கிலோமீட்டர் குரங்கணிக்கு முதல் பஸ். கொட்டக்குடி ஆறு கூடவே வரும். இறங்கியதும் அத்தை சேலையைத் தூக்கிச் செருகி, சும்மாடு கோலி, சீர் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். முறுக்கும் அதிரசமும் ஒரு பட்டுப் பாவாடையும் புளி உருண்டையும் கருவாடும் அதற்குள் இருந்தன. என் தோளில் சோற்றுப் பொட்டலம். முதலில் மாந்தோப்பு, பிறகு இலவமரங்கள், அப்புறம் காப்பிச் செடியும் எலுமிச்சையும். ஓடையைத் தாண்டும்போது அத்தை கல்லைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மிதிப்பார், நான் அதே கல்லை மிதிக்க வேண்டும். எதிரே முதுவர் குடிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள், மேலே பாதை எப்படி இருக்கிறது, காட்டுமாடு நிற்கிறதா என்று அத்தை விசாரித்தார், சொந்தக்காரர்களிடம் விசாரிக்கிற அதே குரலில். சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பச்சையாகி, கால் விரல் இடுக்கில் அட்டை ஏறியது. அத்தை மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து ஒரு தொடு தொட்டார், சுருண்டு விழுந்தது.

சென்ட்ரல் ஸ்டேசன் என்ற இடத்தில் சோற்றைப் பிரித்தோம். ரயிலே இல்லாத காட்டுக்குள் இது என்ன ஸ்டேசன் என்று கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலை சின்ன ரயிலில் மலை உச்சி வரைக்கும் வந்து, அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக் கொட்டக்குடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போகுமாம். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போனது, திரும்பப் போடவில்லை. பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன. புளிச்சோற்றை உருட்டிக் கொடுத்துக்கொண்டே அத்தை இதைச் சொன்னார். ஏட்டில் படித்தவரில்லை, அவருடைய அம்மாவிடம் கேட்டது. தலைக்கு மேலே தேயிலைப் பெட்டி மிதந்து போவதை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

சோலை முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில் அத்தை நின்றார். மூட்டையை இறக்கவில்லை. ஒரு கையால் பிடித்தபடி திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். கீழே மடிப்பு மடிப்பாக மலை, அதற்கும் கீழே வெளுத்துப்போன சமவெளி. மேலே திரும்பினால் சரிவு முழுக்க ஊதா நிறம். குறிஞ்சி. அந்த வருஷம்தான் அது. "நீ பொறக்குறதுக்கு முந்திப் பூத்துச்சு, அப்பவும் இதே வழியாத்தான் வந்தேன்" என்றார். வெகுநேரம் நின்றார். எனக்கு அதிரசத்தின் மேல் நினைப்பு. போகலாம் என்று சேலையை இழுத்தேன். வேலைக்குத் தினமும் மலைக்குப் போறீங்களே, இன்னுமா பாக்குறீங்க என்று கேட்டேன்.

"வேலைக்குப் போறவளுக்குக் கண்ணு இல்லையாடா?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கும் மலையழகு பற்றி எழுதுகிறவர்கள், கேமராவோடு வந்தவர்களின் கண்ணை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வதைப் படிக்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. இந்தக் கணவாய்களை முதலில் பார்த்தவர்கள், அதிகம் பார்த்தவர்கள், தலையில் சுமையோடு ஏறினவர்கள். எந்த வளைவில் காற்று திரும்பும், எந்தப் பாறையில் நின்றால் எது தெரியும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். எனக்குச் சித்தப்பா வேகத்தைக் கொடுத்தார், நின்று பார்ப்பதை அத்தை கொடுத்தார்.

லயத்துக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. விறகுப் புகையும் தேயிலை வாசமும், கை வைக்க முடியாத குளிர்ந்த தண்ணீரும், சுவரெல்லாம் காலண்டர் படம் ஒட்டிய ஒற்றை அறையில் பதினைந்து பேரும். திரும்பும்போது மூட்டையில் தேயிலைத் தூளும் கேரட்டும் ஒரு குப்பித் தைலமும் இருந்தன.

2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் இறந்துபோனபோது, செய்தியில் வந்த அந்தப் புல் சரிவைப் பார்த்து நாள் முழுக்கச் சாப்பிட முடியவில்லை. வெயில் காலத்துப் புல்லின் குணம் அத்தைக்குத் தெரியும், மாசி பங்குனியில் அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்பார்.

போன வருஷம் போடிமெட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. முந்தலில் ஒரு அம்மா தூக்குவாளியோடு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது வளைவு வரைக்கும் என் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தவர், "தம்பி, கொஞ்சம் இங்கிட்டு மாறி உக்காருங்க" என்றார். மாறினேன். "அந்தா, ஐப்பசி மழைக்கு உருண்ட கல்லு. இன்னும் எடுக்கல பாருங்க. அதுக்கு மேல நிக்கிற மரத்துல இருவாச்சி வரும், உங்க கண்ணுக்குத் தெரியுதா?" எனக்குத் தெரியவில்லை. அவர் விடவில்லை, மேட்டில் இறங்குகிற வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் ஒன்றைக் காட்டிக்கொண்டே வந்தார்.